ஈயத்தைத் திருப்பி அனுப்பியவர்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பியில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முழுதாக ஐந்து உலோகத் தகடுகள் தொங்கின. செம்பு, துத்தநாகம், அலுமினியம், எவர்சில்வர், ஈயம். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருக்கும். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், கோயிலுக்கு ஏதும் நேர்ச்சையா?" என்று கேட்டார்கள்.

ஒரு நாள் போர்வை உலர்த்த இடம் போதாமல் ஐந்தையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டேன். மாடி அறையில் தங்கியிருந்த அக்கா சாயங்காலம் வேலை முடிந்து வந்து மாடிப்படியிலேயே நின்றுவிட்டார்.

"டீச்சர், இதயெல்லாம் ஒண்ணாச் சேத்து வச்சது யாரு?"

"நான்தான்க்கா. போர்வை காயப் போட்டேன்."

"செம்பும் துத்தநாகமும் தொட்டுக்கிட்டு நின்னா சண்டை போடும். உப்புக்காத்து நடுவுல நின்னு மூட்டி விடும். கடைசில துத்தநாகம்தான் சாவும்."

சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றையும் எட்ட எட்டப் பிரித்து மாட்டினார். கோபமில்லை. தூங்கும் பிள்ளைகளைத் தள்ளிப் படுக்க வைப்பதுபோல் செய்தார். அன்றிலிருந்து என் போர்வைகள் கீழே முற்றத்தில் காய்ந்தன.

கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் எங்கள் பழைய மாதா கோயிலின் கூரையை மாற்ற வந்த இன்ஜினியர் அவர். பழைய கட்டடங்களைச் செப்பனிடுவதே அவருடைய தொழில். பங்குப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த நான் கோயில் கமிட்டியில் ஒரே பெண். என் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அதனால் வேலை முடியும்வரை இன்ஜினியர் தங்குவதற்கு எங்கள் மாடி அறையைக் கொடுத்தோம். ஊர் முழுக்க அவரை இன்ஜினியரம்மா என்றது. நான் அக்கா என்றேன்.

ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. சேலைக்கு மேல் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை, காலில் கான்வாஸ் ஷூ. அந்த உடம்போடு ஏணியில் ஏறுவதைப் பார்த்தால் கீழே நிற்பவர்களுக்குத்தான் வேர்க்கும். எதைக் கேட்டாலும் அவரிடம் முதலில் ஒரே பதில்தான் வரும். "பாத்துட்டுச் சொல்லுதேன்."

கூரையைப் பற்றி மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் அதே பதில். மாடி அறை ஒழுகாது என்று நான் சொன்னேன். அதற்கும் "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். வந்த முதல் நாளே தளத்துக்குப் போய் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கீழே அறையில் நாற்காலி போட்டு விட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அரை மணி நேரம் கழித்து வந்து, "ஒழுகல டீச்சர். நல்லாக் கட்டிருக்காங்க" என்றார். ஒழுகாது என்று சொன்னவளிடமே வந்து அதைப் பாராட்டாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

பங்குச்சாமியாருக்கும் அதேதான் நடந்தது. "நானே மேல ஏறிப் பாத்தேன்மா. பீடத்துக்கு மேல ஒரே ஒரு ஓட்டைதான்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இவர் சேலையை இழுத்துச் செருகி ஏணியை நோக்கி நடந்துவிட்டார். இறங்கி வந்து, "ஃபாதர் சொன்ன ஓட்டை இருக்கு. அதோட கூட்டாளிங்களும் இருக்காங்க" என்றார். சாமியார் சிரித்தார். ஆனால் அடுத்த இரண்டு வாரம் அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

கல்யாணத்தைப் பற்றி நான் ஒருமுறை கேட்டேன். ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். சாத்தான்குளத்தில் அவர் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. பெண் படித்து வேலைக்குப் போன புதிதில் ஆறுமுகநேரியிலிருந்து ஒரு வரன். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள், பிடித்துவிட்டது. பெண்ணின் சம்மதம் கேட்டபோது இவர், "நானும் வந்து உங்க வீட்டப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றிருக்கிறார். சபை அப்படியே உறைந்துவிட்டதாம். அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே, அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

"போய்ப் பாத்தேன் டீச்சர். நல்ல வீடு. முன்னால மூணு மகன்களும் உக்காந்து டி.வி.யில கிரிக்கெட் பாக்காங்க. நான் பின்கட்டுக்குப் போனேன். அவங்களோட வயசான அம்மா தனியா உக்காந்து கல்லுல மாவு ஆட்டிக்கிட்டு இருக்காவ. கிரைண்டர் ரிப்பேராம். எத்தன நாளா ரிப்பேருன்னு கேட்டேன். ஒரு வருஷமாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பஸ் ஏறி வந்துட்டோம்."

வருத்தம் எதுவும் இல்லாமல் சொன்னார். தன் கண்ணால் பார்த்து எடுத்த முடிவைத் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டும் பழக்கம் அவருக்கு இல்லை. அந்தத் தெம்பு எனக்குப் பிடித்திருந்தது. சில சமயம் பயமாகவும் இருந்தது. அடுத்தவர் சொல்லை ஒருபோதும் அப்படியே வாங்கிக்கொள்ளாத ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பது சுலபமில்லை.

எங்கள் கோயிலின் சுவர் வெள்ளைச் சுண்ணாம்பு. உயரமான சரிவான கூரை. தேக்குப் பலகை பாவி, அதன்மேல் இரும்புத் தகரம் அடித்திருந்தார்கள். தகரம் உப்புக்காற்றில் இற்று, கையை வைத்தால் அப்பளம்போல் நொறுங்கியது. பீடத்துக்கு மேலே மட்டும் உட்புறம் மரத்தாலான மச்சு. நீல வண்ணத்தில் வானமும் சிறகு விரித்த சம்மனசுகளும் வரைந்தது. ஒழுகும் தண்ணீர் அந்த மச்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

கூரைக்கு என்ன உலோகம் போடுவது என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. இளவட்டங்கள் வண்ணம் பூசிய அலுமினியத் தகடு கேட்டார்கள். ஒரு மாதத்தில் வேலை முடிந்துவிடும். செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டவர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுமதி செய்யும் எங்கள் ஊர்க்காரர். அண்ணாச்சி என்போம். அவருக்குச் செம்புக் கூரை வேண்டும். கப்பலில் வருகிறவனுக்குத் தூரத்திலிருந்தே தகதகவென்று தெரியவேண்டும் என்பது அவர் ஆசை.

அதற்காகத்தான் அந்த ஐந்து தகடுகளும் என் கொடிக்கம்பியில் தொங்கின. மழைக்காலம் போய்க் கோடையும் முடிந்ததும் அக்கா அண்ணாச்சியை எங்கள் மாடிக்கே வரச்சொன்னார். செம்புத் தகட்டைக் கைப்பிடிச் சுவருக்கு நேர் மேலே வேண்டுமென்றேதான் தொங்கவிட்டிருந்தார். வெள்ளையடித்த சுவரில் மேலிருந்து கீழ்வரை பச்சையாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

"செம்பு நல்ல உலோகம் அண்ணாச்சி. குறை சொல்ல மாட்டேன். ஆனா தகதகப்பு கொஞ்ச நாள்தான். அப்புறம் கறுத்து, பச்சையாகும். மழை பெய்யுத ஒவ்வொரு தடவையும் உங்க வெள்ளைக் கோயில் பச்சைக் கண்ணீர் விடும். பரவால்லயா?"

அண்ணாச்சி விரலால் அந்தக் கோட்டைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. "அப்ப அலுமினியமா?" என்றார் எரிச்சலாக.

ஈரச் சுண்ணாம்புக் கலவையில் புதைத்து வைத்திருந்த அலுமினியத் துண்டை அக்கா எடுத்துக் காட்டினார். வெள்ளைப் பூத்து, அம்மைத் தழும்புபோல் குழி குழியாக இருந்தது. "சுவரெல்லாம் சுண்ணாம்பு. ரெண்டுக்கும் ஆகாது." துத்தநாகம் மங்கிப் பொரிந்திருந்தது. எவர்சில்வர் மட்டும் வாங்கிய அன்றுபோல் பளபளத்தது. "இது கெடாது. ஆனா வெயில் பட்டா கண்ணு கூசும். பழைய கோயில் தலையில சம்புடத்தக் கவுத்த மாதிரி இருக்கும்."

ஈயம் எதுவும் நடக்காததுபோல் சாம்பல் நிறத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பீடத்துக்கு மேலிருந்த இரும்புத் தகரத்தைப் பிரித்தார்கள். அடியில் இன்னொரு கூரை இருந்தது. ஈயம். கோயில் கட்டிய காலத்தில் கையால் மடித்து மடித்துப் போட்டது. இடையில் எப்போதோ கிழிந்ததை மாற்ற முடியாமல் அதன்மேலேயே தகரத்தை அடித்து மூடியிருக்கிறார்கள். அக்கா சாரத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து அந்த மடிப்புகளைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. கீழே வந்ததும் கமிட்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஈயந்தான்" என்றார். "கட்டினவங்க என்ன போட்டாங்களோ அதையே போடுவோம். வேற பேச்சே கிடையாது."

மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார். சுவருக்குள்ளேயே பதித்த குழாய் வழியாகக் கடலுக்குப் போகிறது என்றார் கமிட்டியில் ஒருவர். அக்கா தலையை ஆட்டினார். வழக்கமான அந்த வார்த்தையை அன்று அவர் சொல்லவில்லை. எனக்கும் அப்போது அது உறைக்கவில்லை.

ஈயத் தகடுகள் லாரியில் வந்து பள்ளிக்கூட வராந்தாவில் இறங்கின. பாய்போல் சுருட்டிய ஒவ்வொரு உருளையையும் தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. தகரத்தையும் அடியில் கிழிந்து கிடந்த பழைய ஈயத்தையும் முழுவதும் பிரித்தாகிவிட்டது. திருவிழாவுக்குள் முடித்துவிடலாம் என்று சாமியார் பூசையில் அறிவித்தார். அண்ணாச்சிகூட சமாதானமாகி, "ஈயம்னாலும் பரம்பரையா உள்ளது" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம். தண்ணீர் கேன் போடும் வண்டி வரவில்லை. நான் கோயில் கிணற்றிலிருந்து ஒரு குடம் எடுத்து வந்து வைத்திருந்தேன். சாப்பிட உட்கார்ந்த அக்கா ஒரு மிடறு குடித்தார். தம்ளரை இறக்கி வைத்தார். மறுபடி எடுத்து இன்னொரு மிடறு, மெதுவாக.

"இது கேன் தண்ணி இல்லயே."

"இல்லக்கா. கோயில் கெணத்துத் தண்ணி."

"தெக்குப் பக்கம் ராட்டினம் போட்டுக் கெடக்கே, அதா?"

"ஆமா."

"கூப்பிடு தூரத்துல கடல். ஊருல எந்தக் கெணத்துத் தண்ணியையும் வாயில வைக்க முடியல. இது மட்டும் எப்பிடி இனிக்கி?"

"அது ஊத்துக் கெணறு இல்லக்கா. அடியில தொட்டி. கூரைத் தண்ணி எறங்கிச் சேருது. பேச்சுக்குத்தான் கெணறுன்னு சொல்லுதோம்."

அவர் கையைக் கழுவவில்லை. சோற்றுக் கையோடு எழுந்து தெருவில் இறங்கி நடந்தார். பின்னாலேயே ஓடினேன். தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கோயில் சுவரிலிருந்து வரும் குழாயின் வாய் உள்ளே தெரிந்தது. வடபக்கக் குழாய்தான் கடலுக்குப் போகிறது. தென்பக்கக் குழாய் இங்கே வருகிறது. எங்களுக்கெல்லாம் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். தெரிந்ததாலேயே யாரும் சொல்லவில்லை.

தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றார். நெற்றியில் வேர்வை. "மழைத்தண்ணி ஈயத்தக் கரைக்கும் டீச்சர். கொஞ்சங் கொஞ்சமா. குடிக்கிற பிள்ளைங்களுக்கு மூளையில போய்த் தங்கும். கண்ணுக்குத் தெரியாது. ருசியும் மாறாது" என்றார்.

என் புத்தி எளிய வழியைத்தான் தேடியது. "யாருக்கும் சொல்லாம அந்தக் குழாயையும் கடலுக்குத் திருப்பி விட்டுரலாம்லக்கா. இப்ப எல்லாரும் கேன் தண்ணிதானே வாங்குதாங்க."

டார்ச்சை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எல்லாருமா?" என்றார். பிறகு, "பாத்துட்டுச் சொல்லுதேன்."

மறுநாள் விடியுமுன்பே தொட்டிக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் போனேன். முதல் பூசை மணி அடிப்பதற்குள் பெண்கள் வரத் தொடங்கினார்கள். பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் குடம், பெயின்ட் டப்பா. கடற்கரை வரிசை வீடுகள் மொத்தமும் வந்ததுபோல் இருந்தது. கேன் வாங்க வசதியுள்ள என் தெரு மட்டும்தான் அங்கே இல்லை. மாசமாக இருந்த ஒரு பெண் ராட்டினத்தில் கயிறு இழுக்க முடியாமல் நின்றபோது, அக்கா எழுந்து அவளுக்கு இறைத்துக் கொடுத்தார்.

அவள் போன பிறகு, "கமிட்டியக் கூட்டச் சொல்லுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் சாமியார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். அக்கா உட்காரவில்லை.

"ஈயத்தத் திருப்பி அனுப்பணும்" என்றார்.

அண்ணாச்சி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நீங்க சொல்லித்தானே வாங்கினோம்?"

"ஆமா அண்ணாச்சி. நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

எங்கள் கமிட்டியில் அந்த வாக்கியத்தை யாரும் அதற்கு முன் சொல்லி நான் கேட்டதில்லை.

"கூரையில ஏறிப் பாத்தேன். தண்ணி எங்க போகுதுன்னு எறங்கிப் பாக்கல. ஒருத்தர் சொன்னாரு, கேட்டுக்கிட்டேன். ஈயத்தக் கண்ட சந்தோஷத்துல எனக்குக் கண்ணு தெரியல." பிறகு தொட்டியைப் பற்றியும் காலையில் பார்த்ததைப் பற்றியும் சொன்னார்.

ஒருவர், "எங்க வீட்டுல இப்பவும் ஈயச் சொம்புலதான் ரசம் வைக்காங்க. யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"அது வெள்ளீயம். எங்க அப்பா கடையில வித்த சாமான்தான். அதால ஒண்ணும் ஆகாது. இது காரீயம். பேருதான் ஒண்ணு."

இன்னொருவர், "நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் அந்தப் பழைய ஈயக் கூரைத் தண்ணியத்தானே குடிச்சாங்க. செத்தா போனாங்க?" என்றார்.

"எதுல செத்தாங்கன்னு யாரு பாத்தா?" என்றார் அக்கா.

தொட்டியை மூடிவிடலாம் என்று ஒரு குரல் எழுந்தது. அதற்கு நான் எழுந்துவிட்டேன். காலையில் வரிசையில் நின்றவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகப் பேர் சொன்னேன். அதில் கமிட்டிக்காரர்களின் சொந்தங்களும் இருந்தார்கள். மூடுவது என்ற பேச்சு அதோடு நின்றது.

சாமியார் கேட்டார். "சரி. வேற என்ன போடுவீங்க? திருவிழாவுக்குள்ள முடியுமா?"

"முடியாது ஃபாதர். மழைக்கும் முந்த முடியாது. இந்த மழை முழுக்கத் தார்ப்பாய்தான். போடப்போறது எவர்சில்வர். கடலோரத்துக்குன்னு தனி ரகம் இருக்கு. செம்புப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசுத மாதிரி அதுக்கும் பூசித் தாராங்க. பளபளப்பு அடங்கி, பாக்க ஈயம் மாதிரியே சாம்பலா இருக்கும். வெளிநாட்டுல கோயில் கூரைக்கே போடுதாங்க. தண்ணிக்கும் கெடுதல் இல்ல. வெளியிலிருந்துதான் வரணும்."

"கோயிலுக்கு எவர்சில்வர் கூரையா?" என்று யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "திரும்பவும் தப்பாச் சொன்னா?" என்றார்.

"கேக்க வேண்டிய கேள்விதான். துண்டு வாங்கித் தாரேன். நீங்களே தொட்டித் தண்ணியில ஊறப்போட்டு, சோதனைக்கு அனுப்பிப் பாருங்க. நான் சொன்னேன்னு எடுத்துக்கிட வேண்டாம்."

அண்ணாச்சி வெளியூரில் ஒரு சோதனைச்சாலைக்கு அனுப்பினார். தண்ணீர் நன்றாக இருப்பதாகப் பதில் வந்தது. அவர் மனம் மாறி அக்காவைப் புகழ்ந்தார் என்றெல்லாம் சொல்லமாட்டேன். கல்வெட்டில் தன் அப்பா பெயர் வாசலுக்கு நேரே வரவேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஈயத்தில் பெரும்பகுதியை, அதை விற்ற புதுக்கோட்டை வியாபாரியே திரும்ப எடுத்துக்கொண்டார். அவர் வேண்டாமென்று ஒதுக்கியதை எங்கள் மீன்பிடிகாரர்கள் வலைக்குக் குண்டு வார்க்க வாங்கிப் போனார்கள்.

அந்த மழைக்காலம் கொடுமை. கூரையில் வெறும் பலகையும் தார்ப்பாயும்தான். தொட்டிக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டு, கடற்கரை வீடுகளுக்கு லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்திருந்தார்கள். திருவிழாக் கொடி ஏறிய அன்று மத்தியானம் காற்று தார்ப்பாயைப் பீடத்துப் பக்கம் கிழித்தது. அக்கா மழையிலேயே ஏறினார். கடலிலிருந்து அப்போதுதான் கரையேறியிருந்த நாலைந்து பேர் படகுப்பாயையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினார்கள். "எங்கன கட்டணும்னு மட்டும் சொல்லுங்கம்மா, முடிச்சு எங்க பாடு" என்று ஒருவர் கத்தியது கீழேவரை கேட்டது. அவர்கள் போட்ட முடிச்சு கடைசிவரை அவிழவில்லை. ஆனால் அதற்குள் நீல வானத்தின் ஒரு மூலை நனைந்து வண்ணம் உரிந்துவிட்டது. ஒரு சம்மனசின் முகம் போய்விட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் கேட்டுக்கொண்டு அக்கா மைக்கின் முன்னால் நின்றார். கோயிலுக்குள் அவர் பேசியது அந்த ஒரு தடவைதான். "மச்சு கெட்டுப்போனது என்னால. முதல்லயே சரியாப் பாத்துச் சொல்லியிருந்தா மழைக்கு முன்னால கூரை போட்டிருக்கலாம். மன்னிக்கணும்." இவ்வளவுதான். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த பெண், "இந்தம்மா எதுக்கு மன்னிப்புக் கேக்காவ? நம்ம பிள்ளைங்களுக்குத்தானே பாத்தாவ" என்று என் காதில் சொன்னாள். அவர் இறங்கி வந்தபோது கடற்கரை வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

புதுக் கூரை அடுத்த கோடையில் ஏறியது. தகடு எங்கள் துறைமுகத்துக்கே கன்டெய்னரில் வந்தது. அதைப் பிடிக்கும் பட்டைகளும் ஆணிகளும்கூட அதே உலோகம்தான். வேறெந்த உலோகத்தையும் மேலே ஏற்ற அக்கா விடவில்லை. முதலில் வெள்ளையாகத் தெரிந்தது, உப்புக்காற்றில் மெல்ல மங்கிச் சாம்பலானது. எவர்சில்வர் என்று கேலி செய்தவர்களே கொஞ்ச நாளில் அதைப் பழைய கூரை என்று வெளியூர்க்காரர்களுக்குக் காட்டினார்கள். முதல் மழையைக் கடலுக்கு விட்டார்கள். அடுத்த மழையில் தொட்டிக் குழாயைத் திறந்தார்கள்.

கல்வெட்டு வைக்கும்போது இன்ஜினியர் பெயரையும் போடவேண்டும் என்று நான் வாதாடினேன். அக்கா மறுத்துவிட்டார். "எனக்கு வேற ஒரு கல்லு தாங்க, சின்னதா. வாசல்ல வேண்டாம்" என்றார். கூரைக்கு ஏறிப்போகும் சிறு கதவுக்குப் பக்கத்தில், ஏறுகிறவன் கண்ணுக்கு நேரே அதைப் பதித்தார். என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தார். என்னிடம் எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார். பிழை இல்லை.

"இந்தக் கூரைத் தண்ணீரை மக்கள் குடிக்கிறார்கள். தென்புறம் தொட்டி இருக்கிறது. இறங்கிப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்கவும்."

அக்கா வேறு வேலைக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. கேரளக் கடற்கரையில் ஏதோ ஒரு பழைய பண்டகசாலையைச் சரிசெய்வதாகக் கடைசியாகப் பேசியபோது சொன்னார். மாடி அறையில் இப்போது என் மகள் படிக்கிறாள்.

போன மாதம் கோயிலுக்குப் புது இடிதாங்கி வைக்க ஆட்கள் வந்தார்கள். கூரை முழுக்கப் பறவை எச்சம், முதலில் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டே கேன்களைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்களில் மூத்தவர் மட்டும் கேனோடு திரும்பி இறங்கி வந்தார். கோயிலைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அம்மா, இங்க தொட்டி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.